அடைக்கலமேரி கொடுக்காத கிடா

எங்கள் கோவிலின் முழுப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக் காலையே நாலு பேர் என் வாசலில் வந்து நிற்பார்கள். எடமலைப்பட்டி புதூரில் ஒரு சந்துக்குள் இருக்கிற சின்ன அந்தோணியார் கோவில் என்று தெரிந்தால் போதும். அங்கே பதினெட்டு வருஷமாகக் கீபோர்டு வாசிப்பவன் நான். பெயர் ஜோஸ். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து, இடது கைச் சுண்டுவிரலை அங்கேயே விட்டுவிட்டு ஓய்வு பெற்றவன். ஒன்பது விரலில் என்னத்த வாசிக்கிறான் என்று கேட்டவர்களும் உண்டு. ஜோஸ் சாருக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று பாடகர் குழுவில் பேசிக்கொள்வார்கள். அது உண்மைதான், இதை எழுதுவதும் கோபத்தில்தான்.

எழுதப்போவது அடைக்கலமேரியைப் பற்றி. அவள் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். ஐம்பத்திரண்டு வயது. நெட்டையான உருவம், கரகரத்த பேச்சு. பேசும்போது கேட்டால் இவளா பாடுகிறாள் என்று தோன்றும். பாட ஆரம்பித்தால் கோவிலுக்குள் விசிறி சுற்றுவதுகூட இடைஞ்சலாக இருக்கும்.

ஜீயபுரத்தில் பிறந்தவள். அவள் அப்பா வாழைத்தோப்பில் கூலி, ஞாயிற்றுக்கிழமையானால் கோவில்பிள்ளை. மணி அடிப்பார், பெருக்குவார், ஃபாதர் வராத வாரத்தில் அவரே ஜெபம் சொல்லி முடிப்பார். பூசையில் வாசகத்துக்குப் பிறகு பதிலுரையாகப் பாடுகிறோமே, பைபிளில் இருக்கிற அந்தப் பழைய எபிரேயப் பாட்டுகள், அவை முழுசும் அவருக்கு மனப்பாடம். அவளுக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டது. எங்கள் குழுவில் எல்லாரும் காகிதத்தைப் பார்த்துப் பாடுவோம். அவள் எதிர்ச்சுவரைப் பார்த்துப் பாடுவாள்.

கல்யாணம் ஆகி இங்கே வந்தாள். புருஷன் சின்னையன் ஆட்டோ ஓட்டினான். ஸ்ரீரங்கத்துக்கும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில்தான் அவன் பிழைப்பு. "சவாரி கொடுக்கறது பெருமாள், பஞ்சர் பண்றது நம்ம அந்தோணியார்" என்று சொல்லிச் சிரிப்பான். ஒரே மகள் ஜெனிட்டா. அவளை ஸ்ரீரங்கத்தில் ஒரு மெக்கானிக்குக்குக் கட்டிக் கொடுத்தார்கள்.

அடைக்கலமேரியைப் பாடகர் குழுவில் சேர்த்தது நான்தான். அப்போதே திருவிழாக் கமிட்டித் தலைவர் விக்டர் முகத்தைச் சுளித்தார். விக்டர் கைலாசபுரம் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், அதிகாரத்திலிருந்து இல்லை. "சத்துணவு ஆயாம்மா மைக்குல நிக்கறதா?" என்றார். ஒரு ஞாயிறு அவள் பாடியதைக் கேட்டபின் வாயை மூடிக்கொண்டார். பிறகு வெளியூர் ஃபாதர் யார் வந்தாலும், "எங்க பாடகி" என்று அவரே அறிமுகம் செய்து வைப்பார்.

எங்கள் திருவிழா ஜூன் மாதம். அதில் கிடாதான் முக்கியம். காய்ச்சல், கடன், பிள்ளையில்லாக் குறை, விசா, எதற்கும் அந்தோணியாருக்கு ஒரு கிடா நேர்ந்துகொள்வார்கள். குட்டியாக இருக்கும்போதே அதன் காதில் ஒரு வெட்டு. அந்த வெட்டு விழுந்துவிட்டால் அது சாமி ஆடு. தெருவில் அவிழ்த்து விடலாம். யார் வாசலில் எந்தச் செடியைத் தின்றாலும் அடிக்க மாட்டார்கள். திருவிழா அன்று கொடிமரத்தைச் சுற்றிக் கட்டுவார்கள். பூசை முடிந்ததும் பெரிய கடை வீதியில் கறிக்கடை வைத்திருக்கிற பரக்கத் அலி பாய் கத்தியோடு வருவார். மதியம் பந்தி.

ஏழு வருஷத்துக்கு முன்னால் திருவிழாப் பூசைக்கு ஒரு பாட்டைப் பயிற்சி செய்துகொண்டிருந்தோம். அந்தப் பாட்டில் கடவுளே பேசுகிறார். பலி கொடுக்க வந்தவர்களைப் பார்த்து ஏளனமாகக் கேட்கிறார். காட்டில் மேட்டில் உலவுவதெல்லாம் என்னுடையதாக இருக்க, உன் தொழுவத்து மாட்டையும் ஆட்டையும் எதிர்பார்த்தா நான் உட்கார்ந்திருக்கிறேன் என்கிற மாதிரி. எனக்குப் பசி வந்தால் அதை உன்னிடம் வந்து சொல்வேனா என்கிற மாதிரி. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி எவனோ ஒருவன், கோவிலில் புகை மண்டிக் கிடந்த காலத்தில், இந்தத் தைரியத்தோடு எழுதியிருக்கிறான். எனக்கு அவனை மிகவும் பிடிக்கும்.

பயிற்சி நடுவில் விக்டர் வந்து என் காதோடு பேசினார்.

"ஜோஸ், வெளிய பதினேழு கிடா கட்டப்போறோம். உள்ள சாமிக்கு ஆடு வேணாம்னு பாடினா நல்லாவா இருக்கும்? அந்த நாலு வரியத் தூக்கிடுப்பா."

நான் தூக்கினேன். நீலப் பென்சிலை எடுத்து நாலு வரியிலும் கோடு போட்டேன். குழுவிடம், பாட்டு நீளமாக இருக்கிறது, ஃபாதர் சுருக்கச் சொன்னார் என்று ஒரு பொய்யும் சொன்னேன். அடைக்கலமேரி மட்டும் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

"எந்த நாலு வரி சார்?"

காட்டினேன்.

"அதுதானே சார் பாட்டு?" என்றாள். ஆனால் அந்த வருஷமும் அடுத்தடுத்த வருஷங்களிலும் கோடு போட்டதை விட்டுவிட்டே பாடினாள்.

அவளுக்கும் எனக்கும் சனிக்கிழமைப் பயிற்சி முடிந்தபின் இந்தப் பாட்டுகளைப் பற்றிப் பேச்சு வரும். மற்றவர்கள் மெட்டைப் பார்ப்பார்கள், அவள் சொல்லைப் பார்ப்பாள். ஒருநாள் கேட்டாள்: "இந்தப் பாட்டு எழுதினவங்களுக்குள்ளயே ஒத்துப்போகலையே சார்? ஒருத்தர், நீ என்னைக் காப்பாத்தினா கொழுத்த கிடா கொண்டாந்து உன் வாசல்ல கொடுக்கறேங்கறாரு. இன்னொருத்தரு, உனக்குக் கிடாயே வேணாம், ஒடஞ்ச மனசு போதும்னு அழுவுறாரு. ஆனா அதே பாட்டு முடியறப்ப மறுபடியும் மாடு வந்துடுது. வேற ஒருத்தருக்குப் பலியப் பத்தியெல்லாம் கவலையே இல்ல. கோவில் சொவத்துல கூடு கட்டின குருவியப் பாத்து, அதுக்குக் கிடைச்ச எடம் எனக்குக் கிடைக்கலையேன்னு பொறாமப்படுறாரு."

"உனக்கு யாரைப் பிடிக்குது?"

"சண்டை போடறவங்களை" என்றாள். "எங்க போயிட்ட, தூங்கறியான்னு கடவுளையே புடிச்சு உலுக்கறாங்களே, அவங்களை. கொடுத்து வாங்கறவங்க பாட்டு எனக்குத் தொண்டையில நிக்கமாட்டேங்குது."

மூன்று வருஷம் முன்னால் சின்னையனுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். காலையில் நூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டு, மதியம் ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். ஆட்டோ வாசலில் நின்று வெயிலில் வெளுத்தது. ஒருநாள் ஆஸ்பத்திரி வராண்டாவில் விக்டர் அவளைப் பார்த்தார். நானும் கூட இருந்தேன், கமிட்டிச் செயலாளர் நான்தானே.

"அந்தோணியாருக்கு ஒரு கிடா நேர்ந்துக்கம்மா. அவரு கைவிட மாட்டாரு" என்றார் விக்டர்.

தண்ணீரில் முழுகுகிறவனுக்கு முள்செடி கிடைத்தாலும் பிடிக்கத்தான் தோன்றும். "சரி சார். எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சு நடந்து வந்து, அவரு கையால கிடாய ஒப்புக்கொடுக்கணும். அதான் என் பொருத்தனை" என்றாள். எங்கள் இரண்டு பேர் காதிலும் தெளிவாக விழுந்தது.

குட்டி வந்தது. காதில் வெட்டும் விழுந்தது. சின்னையன் கட்டிலில் கிடந்தபடி அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தான். வேலை எதுவும் செய்யாமல் எல்லா வீட்டு வாசலுக்கும் போய் மேற்பார்வை பார்க்கிறதாம். தெருவே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை. சாமி ஆடு என்பதால் எங்கும் சாப்பாடு. இரண்டு வருஷத்தில் கன்றுக்குட்டி மாதிரி ஆகிவிட்டது.

சின்னையன் எழுந்திருக்கவில்லை. இந்த வருஷம் பிப்ரவரியில், சாம்பல் புதனுக்கு நாலு நாள் முன்னால் போய்ச் சேர்ந்தான். அடக்கத்துக்கு விக்டர் மாலை போட்டார். மேஸ்திரி ஆட்டோவின் பின்சீட்டில் ஏறிப் படுத்திருந்தது, அதை யாரும் இறக்கிவிடவில்லை.

மே மாதம் நோட்டீஸ் அடிக்கும் சமயம். ஒரு மாலை விக்டரும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். ஜெனிட்டா பிரசவத்துக்கு வந்திருந்தாள், ஆறு மாதம். உள்ளே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த வருஷம் நம்ம கோவில்லயே பெரிய கிடா உன்னுதுதாம்மா" என்று ஆரம்பித்தார் விக்டர். "நோட்டீஸ்ல பேரு போட்டுடலாமா?"

"நான் கொடுக்கலைங்க சார்."

"என்னம்மா சொல்ற? நேர்ந்தது நேர்ந்ததுதான். காது வெட்டியாச்சு. அது இனிமே உன் ஆடு இல்ல, சாமி ஆடு."

"கேட்டது கிடைக்கலையே சார். அவரு நடந்து வந்து கொடுக்கணும்னு நேர்ந்தேன். அவருதான் இல்லையே?"

"சாமிகிட்ட போய் வியாபாரம் பேசலாமாம்மா?"

அவள் குரல் உயர்ந்தது. "வியாபாரம் பேசினது நானா சார்? ஆஸ்பத்திரி வராண்டாவுல யாரு பேசினா? கிடா கொடு, புருஷன் பொழைப்பான்னு நீங்கதான சொன்னீங்க? புருஷன் போயிட்டாரு. கிடாயும் வேணுமா?"

விக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி, உள்ளே இருந்த ஜெனிட்டாவைப் பார்த்தபடி சொன்னார்: "மக மாசமா இருக்கா. யோசிச்சு நடந்துக்கம்மா."

இப்போது நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. எந்த மனுஷன் இப்படிப் பேசுவான்? வயிற்றில் இருக்கிற பிள்ளையைக் காட்டி ஆடு கேட்கிறவனுக்கும் கழுத்தில் கத்தி வைத்துச் சங்கிலி அறுக்கிறவனுக்கும் என்ன வித்தியாசம்? இதையெல்லாம் அந்த இடத்திலேயே கேட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? கமிட்டி நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு விக்டர் பின்னாலேயே நடந்தேன்.

திருவிழா அன்று காலை ஒன்பது மணிக்குப் பூசை. அவள் வரும்போது கொடிமரத்தடியில் கிடாக்கள் கட்டியிருந்தன. நடுவில் மேஸ்திரி. தெருவில் மேய்ந்துகொண்டிருந்ததை விடியற்காலையிலேயே கமிட்டி ஆட்கள் பிடித்துக் கட்டி, கழுத்தில் சாமந்தி மாலையும் போட்டுவிட்டார்கள். அவளைப் பார்த்ததும் அது கத்தியது. அவள் அரை நிமிஷம் நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து மைக் பக்கத்தில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

முதல் வாசகம் முடிந்தது. சுருதி கொடுத்தேன். எழுந்து பாடினாள். இரண்டு கண்ணி ஆனதும், வழக்கம்போலக் கோடு போட்ட இடத்தைத் தாண்டி, பல்லவிக்குத் திரும்பும் ஸ்வரத்தை வாசித்தேன். அவள் திரும்பவில்லை. அந்த நாலு வரியையும் பாடினாள். என் விரல்கள் எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிட்டன. துணையில்லாத வெறும் குரலில் கடவுள் தன் பசியைப் பற்றிப் பேசினார், உன்னிடம் சொல்வேனா என்று கேட்டார். வெளியே ஆடுகள் கத்தின. முன்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் அதே நாலு வரியை இன்னொரு முறை பாடினாள். கெஞ்சல் இல்லை, அழுகை இல்லை. சத்துணவுக் கூடத்தில் வரிசையில் தள்ளுமுள்ளு பண்ணுகிறவர்களை அதட்டுவாளே, அந்தக் குரல்.

பூசை முடிந்ததும் நேராகக் கொடிமரத்துக்குப் போனாள். மாலையைக் கழற்றி மரத்தில் மாட்டினாள். கயிற்றை அவிழ்த்தாள். விக்டர் ஓடி வந்தார்.

"அடைக்கலம், அது சாமி ஆடு. கைய வைக்காத."

"சாமிக்குப் பசிச்சா எங்க வீட்டுக்கு வரச் சொல்லுங்க சார்" என்றாள். "தினம் நூத்தி நாப்பது பேருக்கு ஆக்கறவ நான். அவருக்கும் ஒரு தட்டு வைக்கிறேன்."

விக்டர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பரக்கத் அலி பாயைக் கூப்பிட்டார். "பாய், முதல்ல இதை முடிங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

பாய் கத்தியைத் துணியில் சுற்றிக் கீழே வைத்தார். "இல்லீங்க சார். உடையவங்க வேணாங்கறாங்களே. சம்மதம் இல்லாத ஆட்டுல நான் கத்தி வைக்க மாட்டேன். எங்களுக்கு அது ஆகாது" என்றார். ஃபாதர் அங்கேதான் நின்றார், புதுசாக வந்த சின்ன வயசுக்காரர். அவர் சொல்லியிருக்க வேண்டியதைக் கறிக்கடைக்காரர் சொன்னார். விக்டர் கயிற்றை விட்டார். அவள் மேஸ்திரியோடு நடந்து போனாள்.

அன்று நான் அடைந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. ஒரு வாரம் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொன்னேன். என் பெண்டாட்டியிடம் மூன்று முறை சொன்னேன். கேட்பவர்களுக்கு, நாலு வரியை நானே எழுதிக் கொடுத்தது மாதிரி இருந்திருக்கும். அவ்வளவு பீற்றல்.

பிறகு ஆகஸ்ட் வந்தது. ஜெனிட்டாவுக்கு எட்டு முடிந்து ஒன்பதாவது மாதம். கால் வீங்கியது, ரத்த அழுத்தம் ஏறியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் கவலைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோவில் வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் கைகூப்பிய படம் போட்டார். இன்னொருவர், பொருத்தனை விஷயத்தில் விளையாடக் கூடாது என்று பொதுவாக எழுதுவதுபோல் எழுதினார். அதற்குக் கீழே இருபத்தாறு கட்டைவிரல்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தேன்.

எறிந்தேனே தவிர, மறுநாள் செவ்வாய்க்கிழமை நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். காலையில் யாரிடமும் சொல்லாமல் லால்குடி பஸ் ஏறினேன். அந்தப் பக்கம் ஒரு ஊரில் அந்தோணியார் கோவில் உண்டு, அங்கே செவ்வாய்தோறும் கிடா வாங்கிக்கொள்வார்கள். வழியில் ஒரு வீட்டில் கிடா ஒன்றை விலைக்குப் பிடித்தேன். இழுத்துக்கொண்டு போய்க் கோவில் தொண்டரிடம் ஒப்படைத்தேன்.

"யாரு பேருலங்க?" என்று கேட்டார்.

என் பெயரைச் சொல்லியிருக்கலாம். என் பெயரில் கொடுத்தால் அவள் பொருத்தனை எப்படித் தீரும் என்று அந்த நேரத்தில் என் புத்தி ஓடியது. "அடைக்கலமேரி, எடமலைப்பட்டி புதூர்" என்றேன். அவர் அதை மைக்கிலேயே வாசித்துவிட்டார். எடமலைப்பட்டி புதூர் அடைக்கலமேரி குடும்பத்தார், பொருத்தனையை நிறைவேற்றி, ஒரு கிடா. நான் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை ஜெனிட்டாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. ஆபரேஷன்தான், ஆனால் இரண்டு உயிரும் நலம்.

ஞாயிறு பூசை முடிவில் அறிவிப்பு நேரம். விக்டர் மைக்கைப் பிடித்தார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. "நம்ம அடைக்கலமேரிக்குப் பேத்தி பொறந்திருக்கு. திருவிழா அன்னிக்கு என்னமோ கோபத்துல இருந்தாங்க. ஆனா பொருத்தனைய மறக்கல. செவ்வாய்க்கிழமை லால்குடிப் பக்கம் கிடா அனுப்பிட்டாங்க. என் மச்சினி அந்தப் பூசையிலதான் இருந்தா. நம்ம ஜோஸ் கையில கொடுத்து அனுப்பியிருக்காங்க. அந்தோணியார் கைவிடல பாத்தீங்களா!"

எல்லாரும் கை தட்டினார்கள். அடைக்கலமேரி மைக் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். சுண்டுவிரல் இல்லாத என் கையைக் கீபோர்டுக்கு அடியில் ஒளித்துக்கொண்டேன்.

அன்று மதியம் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க?"

"பயமா இருந்துச்சு அடைக்கலம். ஜெனிட்டாவுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு..."

"எனக்குப் பயம் இல்லியா? பெத்தவ சார் நான்! ஆஸ்பத்திரி பெஞ்சுல நடுங்கிக்கிட்டுதான் உக்காந்திருந்தேன். ஆனா நான் ஆட்டைத் தேடிப் போகல. சாமிகிட்டயே சண்டை போட்டேன். புருஷனை எடுத்துக்கிட்ட, மகளையும் தொட்டா இந்த ஜென்மத்துல உன் வாசல மிதிக்க மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். அவரும் கேட்டுக்கிட்டுதான் இருந்தாரு. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நீங்க எதுக்கு சார் ஆட்டை ஓட்டிக்கிட்டு வந்தீங்க?"

நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினேன்.

"இப்ப எம் பேத்தி பொழைச்சுடுச்சு. அத நான் எப்படிப் பாக்கறது? கடவுள் எனக்குக் கொடுத்ததா? இல்ல, நீங்க ஆட்டைக் கொடுத்து மாத்தி வாங்கினதா?" குரல் உடைந்தது. புருஷன் அடக்கத்தில்கூட நான் அவள் அழுது பார்த்ததில்லை. "விக்டர் சார் கூட என் ஆட்டைத்தான் சார் புடிச்சாரு. நீங்க என் பேரையே கொண்டு போய்க் கட்டிட்டீங்க."

"என்ன செய்யணும், சொல்லு" என்றேன்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை மைக்குல சொல்லுங்க. நடந்ததச் சொல்லுங்க, போதும்."

அந்த ஏழு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அறுபத்து மூன்று வயசில் ஊர் முன்னால் நின்று நான் கோழை என்று சொல்வது லேசான காரியமா? உடம்பு சரியில்லை என்று படுத்துவிடலாமா என்றும் யோசித்தேன். ஞாயிறு காலை என் பெண்டாட்டி இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து வைத்து, "கிளம்புங்க" என்றாள். அவளுக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

அறிவிப்பு நேரத்தில் எழுந்து மைக்குக்குப் போனேன்.

"லால்குடிப் பக்கம் கொடுத்த கிடா என்னுது. அடைக்கலமேரி அனுப்பல. அவங்களுக்குத் தெரியவே தெரியாது. பயந்தது நான். அவங்க பேரை அவங்க அனுமதி இல்லாம நான் சொல்லிட்டேன்."

"உக்காரு ஜோஸ், பெருசு பண்ணாத" என்றார் விக்டர் முன்வரிசையிலிருந்து.

"ஏழு வருஷத்துக்கு முந்தி அந்தப் பாட்டுல நாலு வரிய அடிச்சதும் நான்தான்" என்றேன். "ஃபாதர் சொன்னதா நான் சொன்னது பொய். விக்டர் சார் சொல்லித்தான் அடிச்சேன்."

யாரும் கை தட்டவில்லை. ஃபாதர் கையில் இருந்த காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் போய்க் கீபோர்டில் உட்கார்ந்தேன். இறுதிப் பாட்டுக்குச் சுருதி கொடுப்பதற்குள் அடைக்கலமேரி பாட ஆரம்பித்துவிட்டாள். நான் தேடிப் பிடித்துச் சேர்ந்துகொண்டேன்.

வீடு திரும்பும்போது மனசு கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. சொல்லியாயிற்று, தீர்ந்தது என்று நினைத்தேன். வாசலுக்கு வந்து பார்த்தால் மேஸ்திரி. ஆசையாக நட்டு, முழ உயரம் வளர்ந்திருந்த என் முருங்கைக் கன்றை மொட்டையடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு இலை மிச்சமில்லை. வந்ததே எனக்குக் கோபம்! கீழே கிடந்த கல்லை எடுத்து ஓங்கினேன்.

அது தலையைத் திருப்பியது. காதில் அந்த வெட்டு தெரிந்தது. என் கை ஓங்கியபடியே நின்றுவிட்டது.

பின்னால் தெருவில் அடைக்கலமேரி வந்துகொண்டிருந்தாள். நின்று பார்த்தாள்.

"அடிங்க சார்" என்றாள். "என் ஆடுதானே?"

என்னால் முடியவில்லை. கல் கையிலேயே இருந்தது. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு அவளே வந்து மேஸ்திரியின் முதுகில் பளாரென்று ஒன்று வைத்து, வீட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டு போனாள்.